நாலாம் தரக் காரை

மார்னி கோஸ்கெலா அந்த வருஷம் யார் முகத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. பல்லை மட்டும்தான் பார்த்தாள். பெட்ரோல் போடுகிற இடத்தில் கல்லாவில் இருப்பவன் கொட்டாவி விட்டால் இவள் கழுத்தை நீட்டுவாள். தபால்காரர் சிரித்தால் அவருடைய கீழ்வரிசையை எடை போடுவாள். "என்கிட்ட பேசுறப்ப என் கண்ணப் பாத்துப் பேசுடி. வாய்க்குள்ள என்னத்தத் தொலைச்ச?" என்று பெற்ற அம்மாவே ஒருநாள் சிடுசிடுத்தாள்.

தொலைக்கவில்லை, தேடிக்கொண்டிருந்தாள். பல் சுத்தம் செய்யும் படிப்புக்குப் போகிறவர்களின் தலையெழுத்து அது. எங்கள் மினசோட்டாப் பக்கத்துக் கல்லூரி நாற்காலி தரும், விளக்கு தரும், கிருமி நீக்கிய கருவிகளைத் தட்டில் அடுக்கித் தரும். வாயை மட்டும் தராது. வாயையும் அதைத் திறந்து காட்ட ஒரு ஆளையும் மாணவிதான் பிடித்து வர வேண்டும். எந்த வாயாக இருந்தாலும் சரி என்றும் கிடையாது. பல்லில் படியும் காரைக்குத் தரம் உண்டு. முதல் தரம் என்றால் லேசாக மாவு தூவினாற்போல் இருக்கும். நாலாம் தரம் என்றால் ஈறுக்கு அடியில் கறுத்து இறுகி, ஊசியை இறக்கினால் தட்டி நிற்கும் கல். குறைந்தது பன்னிரண்டு இடத்தில் அப்படித் தட்ட வேண்டும். அப்படி ஒரு வாயைத் தன் கையால் சுத்தம் செய்து காட்டினால்தான் பட்டம்.

இதில் ஒரு அநியாயம் இருக்கிறது. அப்படிப்பட்ட வாய் உள்ளவன் பல் ஆஸ்பத்திரிப் பக்கமே தலை வைத்துப் படுக்காதவன். வந்து போகிறவனாக இருந்தால் வாய் அந்தக் கதிக்கு ஆகியிருக்காது. வரவே வராதவனை வரவழைத்தால் தேர்ச்சி என்று ஒரு சட்டம் போட்டிருக்கிறார்களே, போட்ட புண்ணியவான் இப்போது எங்கோ நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார்.

மற்றதெல்லாவற்றையும் மார்னி முடித்துவிட்டாள். ஆறு வருஷம் சாலையோர உணவகத்தில் காபி ஊற்றிவிட்டுப் படிக்க வந்தவள் அவள். நாலு தட்டை ஒரே கையில் தூக்கிப் பழகியதால் பிடி முரட்டுப் பிடியாக இருந்தது. முதலில் சக மாணவிகள் ஒருவர் வாயில் ஒருவர் பழகுவார்கள். அவளுக்கு வாய்த்தவள் பாவம், எழுந்ததும் ரத்தம் துப்பிவிட்டு ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அப்புறம் பழகிக்கொண்டாள். மோதிர விரலைப் பல்லின் மேல் ஊன்றி, சுரண்டியைப் பென்சில் போலப் பிடித்து, மணிக்கட்டை மட்டும் திருப்ப வேண்டும். சிக்னலில் வண்டி நிற்கும்போதுகூட ஸ்டீயரிங்கின் விளிம்பில் பேனாவை வைத்துத் திருப்பிக்கொண்டிருப்பாள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள்.

இப்போது மிச்சம் ஒரே ஒரு நாலாம் தரம். ஏப்ரல் இருபத்திரண்டு, செவ்வாய்க்கிழமை, புது ஆளை எடுக்கக் கடைசி நாள். அதற்குள் கிடைக்காவிட்டால் ஒரு வருஷம் திரும்பப் படிக்க வேண்டும். மே மாதக் கடைசியில் சேரச் சொல்லியிருந்த பல் மருத்துவரும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். அவளால் உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. தூண்டில் இரை விற்கும் கடையில் கேட்டாள், பந்துருட்டும் கூடத்தில் கேட்டாள். பழைய காதலனின் அப்பாவைக்கூட விடவில்லை. அவர் சிரித்தபடி இரண்டு வரிசையையும் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

மார்ச் கடைசியில் ஐலி ஜூபன் இறந்துபோனாள். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் அடக்கத்துக்குப் பிந்திய சாப்பாடு. மார்னியின் அம்மா பரிமாறும் கோஷ்டியில் இருந்தாள், காபி கூஜாவை மார்னியின் கையில் திணித்தாள். ஐலியின் புருஷன் ரூடி ஜூபன் சுரங்கத்தில் லாரி பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். புகையிலை அடக்கி அடக்கி, வாயைத் திறக்காமலே பேசவும் சிரிக்கவும் பழகிப்போன மனிதர். மீசை வேறு திரை போட்டிருந்தது. யாரோ ஒருத்தி, பறவைக்கு வைத்த தீனியைத் தின்ன வந்த கரடியை ஐலி துடைப்பத்தோடு துரத்திய கதையைச் சொன்னாள். ரூடி தன்னை மறந்து தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார்.

மார்னி பார்த்துவிட்டாள். கீழ்வரிசை முன்பற்களுக்குப் பின்னால் சுவர் எழுப்பியதுபோலக் காரை. காபி கோப்பையைத் தாண்டி, தட்டைத் தாண்டி, ரூடியின் கோட்டுக் கையில் ஓடியது.

துக்க வீட்டில் ஒருத்தனின் வாயைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோமே என்று அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. இருந்தும் என்ன, கோட்டு மாட்டும் இடத்தில் போய் அவரை மடக்கிவிட்டாள்.

"ரூடி, ஐலி போனது ரொம்ப வருத்தமா இருக்கு."

"ம். கோட்டப் பத்திக் கவலப்படாத, தொவைச்சாப் போயிரும்."

"அது இல்ல. உங்க பல்லு..."

அவர் வாய் டப்பென்று மூடிக்கொண்டது. "பல்லுக்கு என்ன?"

"அழகா இருக்கு." சொன்ன பிறகுதான் உறைத்தது. "அதாவது எனக்கு. வேற யாருக்கும் இல்ல. எனக்கு இந்த மாதிரி ஒரு வாய்தான் வேணும், பரீட்சைக்கு. இங்க வந்து கேக்குறது தப்புதான், ஆனா எனக்கு நாளே இல்ல."

ரூடி அவளை ஏற இறங்கப் பார்த்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தாள்.

"ஐலியும் வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டுதான் இருந்தா. நான் அசையல," என்றார். "எந்தக் கிழமை?"

"செவ்வாய்க்கிழமை, மத்தியானம்."

"செவ்வாய்க்கிழமைதான் அவள டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போவேன்." கோட்டின் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். "இப்ப எனக்கு வேலை இல்ல. வரேன்."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மார்னி வண்டிக்குள் கத்திக்கொண்டே போனாள். பதினைந்தாம் தேதிக்கு நேரம் எழுதிக்கொண்டாள். மறுநாளே ரூடிக்குப் போன் போட்டு, சாப்பிட்டுவிட்டு வாருங்கள், மாத்திரை டப்பாவைக் கொண்டு வாருங்கள் என்றெல்லாம் சொன்னாள். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள்.

எங்கள் ஊர்க்காரர்களின் வியாதி அது. வீடு துடைக்க ஆள் வருகிறாள் என்றால் முதல் நாளே உட்கார்ந்து வீட்டைத் துடைத்து வைப்போம், அவள் நம்மைப் பற்றி என்ன நினைப்பாளோ என்று. குழாய் ரிப்பேர்காரன் வருமுன் தொட்டிக்கு அடியில் சோப்பு போட்டுத் தேய்ப்போம். முடி வெட்டப் போகுமுன் தலைக்குக் குளிப்போம். மார்னியின் அம்மா ஓட்டலில் தட்டுகளைத் தானே அடுக்கி, மேசையையும் துடைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். மினசோட்டாவிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா?

பதினைந்தாம் தேதி மத்தியானம் ரூடி இஸ்திரி போட்ட சட்டையில், வாசனைத் தைலம் மணக்க வந்து நாற்காலியில் சாய்ந்தார். மார்னி விளக்கை இழுத்தாள். அவர் வாயைத் திறந்தார்.

சுவரைக் காணோம். பல் பளபளத்தது. ஈறுதான் அங்கங்கே கீறிச் சிவந்திருந்தது.

"என்ன பண்ணீங்க ரூடி?"

"கொஞ்சம் ஒழுங்கு பண்ணிக்கிட்டேன்." குரலில் பெருமை வேறு. "தூண்டில்ல மாட்ட மரமீன் செதுக்குவேன்ல, அந்தச் சின்ன உளி. அப்புறம் பொடி அரம். கைக்கண்ணாடிய வச்சுக்கிட்டு ராத்திரி ராத்திரி உக்காந்து எடுத்தேன். உள்ள வரைக்கும் விட்டேன். எப்படி இருக்கு?"

மார்னி வளைந்த ஊசியை எடுத்து ஈறுக்கு அடியில் ஒவ்வொரு பல்லாக இறக்கினாள். கண்ணுக்குத் தெரியாததை விரல் நுனி சொல்ல வேண்டிய வேலை அது. கடைவாயில் ஒன்று தட்டியது. அதற்குப் பக்கத்தில் ஒன்று. பின்பக்கமாக இன்னொன்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள், பன்னிரண்டு தேறும் போலத்தான் இருந்தது. கையைத் தூக்கி ஆசிரியை மிஸஸ் ஹாகனைக் கூப்பிட்டாள்.

மிஸஸ் ஹாகன் கெட்டவர் இல்லை. இல்லாத கல்லை இருக்கிறது என்று சொல்லத் தெரியாதவர், அவ்வளவுதான். நிதானமாக ஊசியை ஓட்டினார். "எட்டு," என்றார். "மத்ததெல்லாம் உன் ஆசை. இது மூணாம் தரம், மார்னி. உனக்கு மூணாம் தரம் ஏற்கனவே முடிஞ்சுருச்சு."

அவர் அடுத்த நாற்காலிக்கு நகர்ந்ததும் மார்னி வெடித்துவிட்டாள். "யார் உங்களச் சுத்தம் பண்ணச் சொன்னா? அது என்னோடது! நான் எடுக்க வேண்டியது!"

பக்கத்து நாற்காலிகளில் சுரண்டும் சத்தம் நின்றது. ரூடி மெல்ல எழுந்து உட்கார்ந்தார். மார்பில் கட்டிய காகிதத் துண்டு ஒரு பக்கம் தொங்கியது.

"சின்னப் பொண்ணு ஒருத்தி குனிஞ்சு பாக்கப்போறா. அந்தக் கோலத்தோட எப்படி வந்து உக்கார்றது?" என்றார். "ஐலி இருந்தா என்ன அப்படி வாசல் தாண்ட விட்டிருக்க மாட்டா."

மார்னிக்கு அழுகை முட்டியது. பாதி அவருக்காக, பாதி தனக்காக. போய்விட்டு வாருங்கள் என்று சொல்லிவிடலாம், அந்த மத்தியானம் மிச்சமாகும், வேறு ஆளைத் தேடலாம். ஆனால் கீறின ஈறோடு அந்த மனிதரை அனுப்ப மனசு வரவில்லை. "படுங்க. மிச்சம் இருக்கற எட்டையாவது எடுத்துவிடுறேன்," என்றாள்.

வேலை நடுவில், வாய் கொப்பளிக்க எழுந்தபோது ரூடி சொன்னார், "என்னுதெல்லாம் ஒண்ணுமே இல்ல பொண்ணே. எங்க ஆர்வோ வாயப் பாத்திருக்கியா? ஐலியோட அண்ணன். அவன் வாய்க்கு உளி பத்தாது, சுரங்கத்துலேருந்து வெடி கொண்டாரணும்."

மார்னி சுரண்டியைத் தட்டில் வைத்தாள். "அவரக் கூட்டிட்டு வாங்க."

"முடியாது."

"ரூடி!"

"அவனும் நானும் பேசிக்கிறதில்ல. சவுனா எரிஞ்ச நாள்லேருந்து."

ஏரிக்கரையில் ஆர்வோவின் நியமி குடும்பத்துக்கு ஒரு சவுனா இருந்தது, உள்ளே அடுப்பு மூட்டி நீராவியில் குளிக்கும் மரக்குடில். ஆர்வோவின் அப்பா தன் கையால் மரம் வெட்டிக் கட்டியது. அவர்கள் ஃபின்லாந்து வம்சம்; ஃபின்லாந்துக்காரன் வீட்டை எரித்தால்கூட மன்னிப்பான். அந்தக் குளியலறையை எரித்தவனை மன்னிக்க மாட்டான். ஒரு புத்தாண்டு இரவு, ரூடி உள்ளே இருந்தபோது, அது எரிந்து சாம்பலானது.

"புகைபோக்கியில கோளாறு," என்றார் ரூடி. "அன்னைக்கே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்." அப்புறம் வாயைத் திறந்துகொண்டு படுத்துவிட்டார், மேற்கொண்டு பேச்சு வேண்டாம் என்பதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

சனிக்கிழமை மார்னி தானே ஆர்வோ நியமியின் வீட்டுக்குப் போனாள். பனி உருகிச் சேறும் சகதியுமாகக் கிடந்தது. கதவு ஒரு சாண் திறந்தது. அவள் தன் பேரைச் சொன்னாள், படிப்பைச் சொன்னாள், பல்லைச் சொன்னாள். அவசரத்தில் ரூடி பேரையும் சொல்லித் தொலைத்தாள்.

"ஜூபன் அனுப்பினானா உன்ன?"

"இல்லங்க, நானாத்தான் வந்தேன்."

"அவனுக்கு என் வாயப் பத்தி என்ன பேச்சு? தங்கச்சிய அடக்கம் பண்ணிட்டு வந்து இன்னும் பூட்ஸுல மண்ணு காயல, அதுக்குள்ள என் பல்ல வச்சுச் சிரிக்கிறானா? போ, போ!"

கதவு படாரென்று மூடியது. ஆனால் அவர் கத்தின கத்தலில் மார்னி எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். பார்க்காமலே இருந்திருக்கலாம். இல்லை என்று இருந்தால் மனம் ஆறும். இருக்கிறது, எட்டு மைலில் இருக்கிறது, கிடைக்காது என்றால் எப்படி ஆறும்? வண்டியில் உட்கார்ந்தபடியே ரூடிக்குப் போன் போட்டாள்.

"பாத்துட்டேன் ரூடி. அப்படியே பாறை பாறையா இருக்கு. நான் போய்க் காரியத்தக் கெடுத்துட்டேன். நீங்க ஒரு வார்த்தை..."

"நான் போகமாட்டேன். ஐலியே கேட்டும் நான் போகல."

"சரி," என்றாள். அந்த ஞாயிறு அவள் அம்மாவின் சமையலறையை இரண்டு முறை துடைத்தாள். திங்களன்று எட்டுப் பேருக்குப் போன் போட்டாள், ஒருத்தர்கூட வருகிறேன் என்று சொல்லவில்லை.

இருபத்திரண்டாம் தேதி எல்லா நாற்காலியிலும் ஆள் இருந்தது, மார்னியின் நாற்காலியைத் தவிர. தட்டில் கருவிகளை அளவு வாரியாக அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். கையுறை போட்டாள், கழற்றினாள். மிஸஸ் ஹாகன் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் விளக்கைத் துடைத்தாள். "மூணு மணிக்கு மேல புது ஆள எடுக்க முடியாதும்மா," என்று அவர் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். பரிதாபப்பட்டுச் சொன்னதுதான் இன்னும் வலித்தது.

மூன்றுக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது வரவேற்பறையில் சத்தம் கேட்டது.

"சட்டைய விடுடா, நான் என்ன திருடனா?"

"விட்டா ஓடிருவ. பொண்ணே! மார்னி! எங்க இருக்க?"

மார்னி ஓடினாள். ரூடி ஜூபன், ஆர்வோ நியமியின் கோட்டுக் கையைக் கெட்டியாகப் பிடித்தபடி நின்றார். இருவர் பூட்ஸும் முழங்கால் வரை சேறு.

"காலைலேருந்து இவன் கூடவேதான் இருக்கேன்," என்றார் ரூடி, மூச்சு வாங்க. "ஒண்ணத் தொடல. பல்லு தேய்க்கக்கூட விடல. இவன் பேனாக்கத்தியப் புடுங்கி வண்டில போட்டுப் பூட்டிட்டேன்."

"காலைலேருந்து வாய் நாறுது," என்றார் ஆர்வோ. "நாலு பேர் இருக்கற எடத்துக்கு இப்படியா கூட்டிட்டு வர்றது? மானங்கெட்டவன்."

மார்னி அவரை நாற்காலியில் சாய்த்தாள். மோதிர விரலைப் பல்லில் ஊன்றினாள். ஊசியை ஈறுக்கு அடியில் இறக்கினாள், தட்டி நின்றது. ஒரு நூல் தள்ளி இறக்கினாள், மறுபடி நின்றது. இந்தத் தடவை தன் எண்ணிக்கையை அவள் நம்பவில்லை. மிஸஸ் ஹாகன் வந்து உட்கார்ந்து ஊசியை ஓட்டி முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் பன்னிரண்டோடு நிறுத்தவில்லை. பதினெட்டில் ஊசியைத் தட்டில் வைத்தார்.

"நாலாம் தரம். இன்னைக்குக் கால் வாய் முடி, தேர்ச்சிக்கு அது போதும். மரத்துப்போக ஊசி போட்டுட்டு ஆரம்பி."

கீழ் வலது பக்கத்தில் ஆரம்பித்தாள். முதல் கல் கறுப்பாக, ஒரு மிளகு அளவுக்கு வந்தது. அதைத் துணியில் துடைத்து ஆர்வோவுக்குக் காட்டினாள். அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்து, "என்னுதா?" என்றார். கொப்பளிக்க எழுந்தபோது, மரத்த உதடு ஒரு பக்கம் இழுக்க, தானாகவே பேசினார்.

"என்ன சொல்லிக் கூப்புட்டான்னு கேளேன்."

"என்ன சொன்னாரு?"

"நேத்து வந்தான். உள்ள வரல. வாசல்ல சேத்துல நின்னுக்கிட்டே சொன்னான். புகைபோக்கில ஒண்ணும் இல்லையாம். குடிச்சுட்டு, அடுப்புல விறகத் திணிச்சுட்டு, தூங்கிட்டானாம்." காகிதக் குவளையைக் கையில் வைத்து நசுக்கினார். "எனக்கு அன்னைக்கே தெரியும். புகைபோக்கிய நான்தானே வச்சேன். அவன் வாயால சொல்றானான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

மார்னி நசுங்கிய குவளையை வாங்கிக் குப்பையில் போட்டாள்.

"ஐலி எத்தன தடவ கேட்டா தெரியுமா? ஒரு கிறிஸ்துமஸுக்காவது ரெண்டு பேரும் ஒரே மேசையில உக்காருங்கடான்னு. அவ இருந்த வரைக்கும் சொல்லாதவன், இப்ப வந்து சொல்றான். எதுக்கு? என் பல்லு வேணுமாம்."

சிரிக்கத்தான் முயன்றார். சிரிப்பு பாதியிலேயே உடைந்து, அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. அடுத்த நாற்காலிக்காரர்கள் பார்க்காதபடி மார்னி விளக்கை வேறு பக்கம் திருப்பினாள். மணி ஓடிக்கொண்டிருந்தது, இன்னும் பாதி வேலை கிடந்தது. இருந்தும் அந்த வருஷத்திலேயே முதல் தடவையாக அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானாகத் தலையைச் சாய்த்து வாயைத் திறந்த பிறகுதான் சுரண்டியை எடுத்தாள்.

மிஸஸ் ஹாகன் கடைசியாக ஊசியை ஓட்டியபோது அது எங்கும் தட்டவில்லை. தலையை அசைத்துக் கையெழுத்துப் போட்டார். மார்னி ஆர்வோவை வெளியே கூட்டிவந்தாள். ரூடி தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, அவர்கள் போனபோது எப்படி உட்கார்ந்திருந்தாரோ அப்படியே உட்கார்ந்திருந்தார். சடாரென்று எழுந்தார்.

"பன்னெண்டு இருந்துச்சா?"

"பதினெட்டு. நான் தேறிட்டேன், ரூடி."

"நான் சொல்லல?" என்று ரூடி அறையில் இருந்த எல்லோரையும் பெருமையாகப் பார்த்தார், என்னவோ அவரே வளர்த்த காரை மாதிரி.

"மிச்ச முக்கா வாய்க்கு எப்ப வரணும்?" என்று ஆர்வோ கோணின உதட்டோடு கேட்டார்.

"அடுத்த செவ்வாய்க்கிழமை. அதுக்கடுத்த ரெண்டு செவ்வாயும் வரணும்."

ஆர்வோ திரும்பி ரூடியைப் பார்த்தார். ரூடி தொப்பியைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை இல்ல," என்றார். "நான் கூட்டிட்டு வரேன்."